ஆல்ஃபா அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்

“யாருமே எங்கிட்ட சொல்லல!”

“சொன்னேன்!”

“எப்ப சொன்ன? எங்க சொன்ன?”

“சாப்பாட்டு மேசையில சொன்னேன். துணி மடிக்கும்போது சொன்னேன். எதுக்கும் இருக்கட்டும்னு, உங்க தலையில ஒயரை மாட்டி உக்கார வெச்சு, காதுக்குள்ளயே சொன்னேன். இதுக்கு மேல என்ன பண்றது? மைக் கட்டி ஆட்டோவுல வரவா?”

மூன்றாம் மாடியில் இந்தச் சத்தம் கிளம்பியதும் இரண்டாம் மாடியில் மிக்ஸி நின்றது, நான்காம் மாடியில் டிவி வாயை மூடியது. அடுத்தவர் வீட்டுச் சண்டைக்குக் காது கொடுப்பது நாகரிகம் இல்லையே. அதனால் எல்லோருமாகப் படிக்கட்டைக் கூட்ட வந்தோம். ஒரே படிக்கட்டு, அத்தனை துடைப்பம்.

சண்டை ஒரு பீரோவில் ஆரம்பித்திருந்தது. சாமான் ஏற்றும் வேன்காரர் அளவு எடுக்க வந்து, “எந்த பீரோ சார்?” என்று கேட்க, கதவைத் திறந்த மூன்றாம் மாடி அண்ணன், “எந்த வேன்?” என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, மனைவிக்கு வேறு ஊரில் வேலை மாற்றம் வந்திருக்கிறதென்று. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பிரிவுத் தலைவியாக இருந்த அந்த மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, இனிமேல் அந்த ஊர்க் கிளைக்கே மேலாளர். எங்கள் கட்டடத்தில் காவலாளி வரைக்கும் வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது. காவலாளிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

“நீங்களும் வரீங்களான்னு கேட்டேன். ‘ம்’னு சொன்னீங்க. அந்த ‘ம்’மை நம்பி ரெண்டு பேருக்குமா வீடு பாத்து முன்பணம் கட்டிட்டேன்.”

“நான் எல்லாத்துக்கும்தானே ‘ம்’ சொல்லுவேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அதற்குள் அக்கா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். “ஏய், உன் கம்ப்யூட்டரை எடுத்துட்டு வாடி!”

வந்தவள் அக்காவின் தங்கை. பல்கலைக்கழகத்தில் மூளை அலைகளை ஆராய்கிறாள். அக்கா வீட்டிலேயே தங்கி, அக்கா சமைத்ததைச் சாப்பிட்டு, மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்தில் அவளிடம் தலையைக் கொடுக்காதவர் குறைவு. நீச்சல் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டுவாள். அதில் பொத்தான் பொத்தானாக இருக்கும் துளைகள் ஒவ்வொன்றிலும் பிசுபிசுவென்று ஜெல் விடுவாள். “ஆடாதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க, இயல்பா இருங்க” என்பாள். இந்த மூன்றும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை.

பழகிய குரலை மூளை எப்படிக் கேட்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சாதாரண வீட்டுப் பேச்சை வெவ்வேறு குரல்களில் கலந்து காதில் போடுவாள், உள்ளே ஓடும் அலையைப் பதிவு செய்வாள். கீழே கண்ணாடிக் கடை வைத்திருப்பவரும் ஒரு நாள் போய் உட்கார்ந்தார். “குழாய் ஒழுகுது” என்று காதில் விழுந்ததும் மனுஷன் ஒயரோடு எழுந்து, “எந்தக் குழாய்?” என்று தேடிக்கொண்டு போய்விட்டார். தொப்பி ஒரு பக்கம், பதிவுப் பெட்டி ஒரு பக்கம். அந்தப் பதிவு எதற்கும் உதவாது என்று தூக்கிப் போட்டுவிட்டாள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அண்ணனின் பதிவு அப்படியில்லை. பாடப் புத்தகத்தில் போடலாம் போலிருந்தது. ஆடவில்லை, அசையவில்லை. அவருக்காக வாக்கியங்களைப் பேசிக் கொடுத்தது அக்கா. கேஸ் தீரப்போகுது, மின்கட்டணம் வந்திருக்கு, ஜன்னல் தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு. நடுவில் யாரையும் கேட்காமல் அக்கா இரண்டைச் சேர்த்துவிட்டாள்: எனக்கு வேலை மாத்தல் வந்திருக்கு. நீங்களும் வரீங்களா?

“அந்த அலையைக் காட்டுடி” என்றாள் அக்கா.

தங்கை தயங்கினாள். அத்தான் வாடகை கட்டும் வீட்டில் தங்கியிருப்பவள் வேறு என்ன செய்வாள்? ஆனால் அறிவியல் என்று வந்துவிட்டால் அவளுக்கு வாய் நிற்காது. படிக்கட்டில் இருந்த எங்களுக்கும் தெரியும்படி திரையைத் திருப்பினாள்.

“மூளை எதையும் கவனிக்காம சும்மா இருக்கும்போது ஆல்ஃபான்னு ஒரு அலை எழும்பும். கவனிக்க ஆரம்பிச்சா அது அடங்கிடும். இது முன்பின் தெரியாத ஒருத்தர் குரல். அடங்குது பாருங்க. இது அத்தானோட மேனேஜர், போன்ல வந்த வாய்ஸ் மெசேஜ். ஆல்ஃபா இருக்கிற இடமே தெரியல.”

“என் குரல்?”

தங்கை அடுத்த பதிவைத் தட்டினாள். திரையில் ஆல்ஃபா மலை மலையாக எழும்பி, சீராக, அமைதியாக, ஒரு குறையுமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“பாரு, பாரு!” என்று துள்ளினார் அண்ணன். “உன் குரலைக் கேட்டா என் மனசு எவ்வளவு நிம்மதியா இருக்கு!”

நான்காம் மாடி மாமி துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

“அக்கா, ஒரு தலையை வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது” என்றாள் தங்கை. “அன்னிக்கு அத்தான் நல்லா சாப்பிட்டுட்டு வேற வந்திருந்தாரு.”

“அதானே! சாப்பிட்ட மயக்கம்!”

“மேனேஜர் குரலும் அதே சாப்பாட்டுக்கு மேலதானே கேட்டுச்சு?” என்றாள் அக்கா. இன்சூரன்ஸ் ஆபீசில் பொய்க் கணக்கோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். சத்தம் போடவில்லை, குரல் இறங்கிவிட்டது. “பீரோ ஒண்ணு போதும்னு வேன்காரர்ட்ட சொல்லிடறேன். நீங்க இங்கயே இருங்க. மேனேஜர் பேசினா கேட்டுக்குங்க.”

அன்றிலிருந்து கட்டடம் முழுக்க அவருக்கு ஆல்ஃபா அண்ணன் என்றே பெயர்.

அண்ணனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. கொழுந்தியாளின் காலில் விழாத குறையாக, “இன்னொரு தடவை மாட்டிப் பாரும்மா. கவனிக்கிறேனா இல்லையான்னு உங்க அக்காவுக்கே தெரியட்டும்” என்று கெஞ்சினார். அதே தொப்பி, அதே ஜெல், அதே வாக்கியங்கள். இந்தத் தடவை அக்காவும் போய்ப் பக்கத்தில் நின்றாள். எங்களில் சிலரும் போயிருந்தோம், ஜெல் எந்த மாதிரி என்று பார்க்க.

அண்ணன் கவனித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கவனித்தார். நெற்றியைச் சுருக்கி, கண்ணை உருட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கவனித்தார். திரையில் ஆல்ஃபாவும் இல்லை, ஒன்றும் இல்லை. மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கிறுக்கல்.

“எப்படி?” என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“அத்தான், இது மூளை இல்ல” என்றாள் தங்கை. “தாடையும் நெத்தியும் இறுகினதுதான் பதிவாகியிருக்கு. நீங்க கவனிக்கிற மாதிரி வெச்ச மூஞ்சி மட்டும்தான் வந்திருக்கு.”

அக்கா சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரித்தார், காரியம் முடிந்தது என்று நினைத்து. அக்கா ஒரு துண்டை எடுத்து அவர் தலையில் இருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டாள். பிறகு, “வேன் வெள்ளிக்கிழமை வருது” என்றாள்.

“ம்” என்றார் அண்ணன். அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமை. வேன். ஒரு பீரோ. கேட்டுச்சு” என்றார்.

கேட்டது, ஆனால் வேன் போய்விட்டது. அக்கா தனியாகத்தான் போனாள். தங்கை பல்கலைக்கழக விடுதிக்கு மாறிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. வீடு நிசப்தமாக இருந்தால் அவருடைய ஆல்ஃபா எங்கிருந்து வரும்? தினமும் ஸ்பீக்கரைப் போட்டுப் போனில் பேசுவார்கள். அந்தப் பக்கத்தில் இருந்து, “இப்ப என்ன சொன்னேன், திரும்பச் சொல்லுங்க” என்று வரும். பால்கனியில் நின்று அவர் ஒப்பிப்பதை நாங்களும் திருத்திக் கொடுத்தோம். ஒரு நாள் யாரும் கேட்காமல் அவரே, “உங்க ஆபீஸ்ல அந்த ஏசி ரிப்பேர்னியே, சரி பண்ணிட்டாங்களா?” என்றார். அன்றைக்கு அக்கா எதையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து தன் டயர் கம்பெனியிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு, மிச்ச சாமானோடு அண்ணனும் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேருக்குமாகக் கட்டிய அந்த முன்பணத்தை அக்கா திருப்பி வாங்கவே இல்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை ஆராய்ச்சியை முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டாள். மனம் என்பது என்ன என்று கேட்டால் இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்கிறாள். கல்யாணம் மட்டும் ஆராயாமல் செய்துகொண்டாள், எதற்கும் உதவாத பதிவு என்று தூக்கிப் போட்டாளே, அந்தக் கண்ணாடிக் கடைக்காரரை. இரண்டு பேரும் கீழ்வீட்டில்தான் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் ஆள் தேடுவதில்லை. படிக்கட்டில் நின்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் போதும், ஸ்பேனரோடு வந்துவிடுகிறார்.