ஆறும் தானாக விழ வேண்டும்

ஆர்லோ வோந்த்ராசெக்குக் குறி பார்த்துச் சுட வராது. விசையை இழுக்கும் நொடியில் இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். கொட்டகைக்குள்ளே நின்று சுட்டாலும் கொட்டகைச் சுவர் தப்பித்துவிடும் என்று எல்வுட் ஸ்வோபோடா சொல்வார். டர்க்கி க்ரீக் சுடுகளத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்து ஓய்ந்து இருபது வருடமாகிறது. அதனால் ஆர்லோ வீட்டில் வெற்றுக்கூடுகளில் மருந்தும் குண்டும் அடைத்துத் தோட்டா போடுவதோடு நிறுத்திக்கொண்டார். சுடுவது அவர் மனைவி லியோட்டா.

அவள் சுடுவதை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய கை அது. பனிச்சறுக்கிலும் பள்ளத்திலும் அறுபது பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த நிதானம் அப்படியே ரிவால்வருக்கும் வந்திருந்தது. ஆறு சுடுவாள். ஆறு துளையுள்ள உருளையைத் திறந்து, குழலை மேலே தூக்கி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். ஆறு வெற்றுக்கூடும் சரளைக் கல்லில் கொட்டும். குழல் கீழே சாயும்போதே லோடர் வந்துவிடும். ஆறு தோட்டாவை வட்டமாகப் பிடித்து வைத்திருக்கும் சின்னக் குமிழ்தான் லோடர். அதைத் திருகினால் ஆறும் ஒன்றாக இறங்கும், உருளை மூடும். இதெல்லாம் மூன்று நொடிக்குள். எத்தனையோ வருடம் பார்த்தும் ஆர்லோவுக்கு அது சலிக்கவில்லை. என் பெண்டாட்டி என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் போல இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரிந்த விஷயம்தான்.

அந்தக் களத்தில் எல்லோரும் மதிக்கும் விதி ஒன்று உண்டு. எவரும் இன்னொருவர் கையால் போட்ட தோட்டாவைச் சுடமாட்டார்கள். அறுவடை இயந்திரத்தை இரவல் கொடுப்பார்கள், மாட்டை ஏற்ற டிரெய்லர் கொடுப்பார்கள், வீட்டுச் சாவியைக்கூடக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவார்கள். தோட்டா மட்டும் அவரவர் சொந்தக் கை. வெடிமருந்தில் யாரோ செய்த பிசகுக்குத் தன் விரலைக் கொடுக்க எவருக்குத்தான் மனம் வரும். எல்வுட் இதில் பாதிரியார் மாதிரி. நாற்பது வருடத்தில் அவர் வேறொருவர் தோட்டாவைச் சுடுவதற்கென்று வாங்கியதே இல்லை. லியோட்டா ஒருத்திதான் அந்த விதிக்கு விலக்கு. அவள் சுடுவதெல்லாம் ஆர்லோ போட்டது.

போன வசந்தத்தில் அவள் விரல் முட்டிகள் வீங்க ஆரம்பித்தன. மூட்டுவாதம் என்றார் டாக்டர். பிடிக்க முடிந்தது, சுட முடிந்தது, குறியும் தவறவில்லை. ஆனால் லோடரை வைத்தபின் ஒன்றிரண்டு தோட்டா துளை விளிம்பில் முட்டி நிற்கும். முன்பெல்லாம் ஒரு சின்ன ஆட்டு ஆட்டினால் இறங்கிவிடும். இப்போது அந்தச் சின்ன ஆட்டுக்கு விரல் மறுத்தது. உள்ளங்கையால் முட்டி முட்டி இறக்கினாள்.

தோட்டா எங்கே முட்டுகிறது என்று ஆர்லோவுக்குத் தெரியும். குண்டின் மூக்கு உருண்டைதான், அது வழுக்கிப் போய்விடும். பித்தளைக் கூட்டின் வாய் விளிம்புதான் கூராக நின்று துளையின் ஓரத்தில் மாட்டும். அந்த வாயைக் கொஞ்சம் உள்ளே மடித்துவிட்டால் தடையில்லை. தோட்டா போடும் பிரஸ்ஸில், வாயை மடிக்கும் அச்சுக்கு டை என்று பெயர்; அந்த டையைச் சிறிது கீழே திருகினால் வாய் மடிப்பு இறுகும். கூட்டுறவுக் களஞ்சியத்தில் தானியத்தின் ஈரம் அளக்கிற வேலை அவருடையது. நுணுக்கமான அளவெல்லாம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. ஜூனில் அரைக்கால் சுற்றுத் திருகினார். அவள் வித்தியாசத்தை உடனே உணர்ந்து, "இது நல்லாருக்கே" என்றாள். அந்த ஒரு சொல் போதாதா. ஜூலையில் இன்னும் கொஞ்சம், ஆகஸ்டில் இன்னும் கொஞ்சம். பாராட்டு வாங்கிய மனுஷன் எங்கே நிறுத்துவான்.

செப்டம்பர் போட்டியில் அது வெடித்தது. வெடித்தது என்றால் துப்பாக்கி இல்லை, மானம். மறைவுக்கு நிறுத்தியிருந்த பீப்பாய்க்குப் பின்னால் நின்று அவள் லோடரைத் திருகினாள். ஐந்து இறங்கின. ஒன்று பாதியில் இறுகி நின்றது. மேலே தட்டினாள், அழுத்தினாள், உருளை மூடவில்லை. பிடுங்கவும் வரவில்லை. கடைசியில் கையைத் தூக்கினாள். நேரக் கருவியைப் பிடித்திருந்த எல்வுட் ஆட்டத்தை நிறுத்தினார். அந்தத் தோட்டாவைக் குச்சியால் தட்டி எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் சொல்றது," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அடுத்தவன் போட்டதைச் சுடாதேன்னு."

"அடுத்தவன் இல்ல, என் புருஷன்," என்றாள் லியோட்டா. ஆனால் அவள் குரலில் வழக்கமான காரம் இல்லை. ஆர்லோவுக்குச் செருப்படி விழுந்தது அதில்தான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இருபுறமும் காய்ந்த சோளம் நின்றது. வண்டியை ஓட்டியது அவள்தான். எங்கே போனாலும் ஓட்டுவது அவள்தான்.

"பதினோரு நொடி நின்னேன், ஆர்லோ. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை பஸ் படி ஏறக்கூட அவ்வளவு நேரம் எடுக்காது."

"என் தப்புதான்."

"யார் தப்புன்னு நான் கேக்கல. அக்டோபர் கடைசி சனிக்கிழமை வருஷக் கடைசிப் போட்டி. அன்னிக்கு ஒரே ஒரு தடவை சிக்கிக்கிட்டாலும் ரிவால்வரைப் பெட்டில போட்டுப் பூட்டிடுவேன். கையும் ஒத்துழைக்கல, தோட்டாவும் ஒத்துழைக்கலன்னா நான் யார்கூடச் சண்டை போடறது?"

அவள் சொன்னால் சொன்னதுதான். புகைப்பதை விட்டதும் இப்படித்தான், ஒரு நாள் காலையில் சொன்னாள், முடிந்தது.  சனிக்கிழமை காலைகளில் அவள் தொப்பியைத் தேடுவதும், தேடும்போதே சீட்டியடிப்பதும் இல்லாத ஒரு வீட்டை ஆர்லோவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை அவளே கடைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு களத்துக்குப் போய்ப் பார்த்தாள். கடைத் தோட்டா பொதுவாக எல்லாத் துப்பாக்கிக்கும் செய்தது, வாய் கூராக இருந்தது. ஆறில் இரண்டு முட்டின. பெட்டியை அடுக்களை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கடைத் தோட்டா தோற்றதில் ஆர்லோவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காக வெட்கமும் பட்டார்.

ஞாயிறு பிற்பகல் அடித்தள அறையில் அந்தச் சிக்கிய தோட்டாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்குக் கீழே பித்தளை புடைத்திருந்தது. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு பெல்ட்டுக்கு மேலே வழிகிற தொப்பை மாதிரி. மடிப்பு அதிகமானதால் கூடு நசுங்கியிருக்கிறது. அது புரிந்தது. ஒரே டை, ஒரே அளவு. மற்றது எல்லாம் ஒழுங்காக இருக்க, இது மட்டும் ஏன் என்பதுதான் புரியவில்லை.

லியோட்டா காபியும் கசகசா வைத்த கொலாச்சே ரொட்டியும் கொண்டு இறங்கி வந்தாள். சிக்கிய தோட்டாவையும் பெட்டியிலிருந்து இன்னொன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"இது ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க இல்ல."

"என்ன சொல்ற?"

"குண்டு உசரம் ஒண்ணுதான். ஆனா பித்தளை இதுல மேல ஏறியிருக்கு பாரு. இந்தக் கூடு நீளம்."

ஆர்லோ வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தார். ஒரு மயிரிழை நீளம். நீளமான கூடு டையில் முதலில் முட்டும், அதிகமாக மடியும். ஜூனில் அந்த மயிரிழையால் ஒன்றும் ஆகவில்லை. அவர் இறுக்கிக்கொண்டே போனபோதுதான் நீளக் கூட்டுக்குத் தொப்பை விழுந்தது. கூட்டின் அடியில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்ததும் அவர் முகம் சிவந்தது.

"இது நம்மளது இல்லியே," என்றாள் லியோட்டா. "எங்க பொறுக்கின?"

"கீழ கிடந்தது."

"யாருது?"

ஆர்லோ கொலாச்சேயைக் கடித்தார். கீழே கிடக்கும் பித்தளையைக் கண்டால் அவருக்குத் தானியம் கண்ட கோழி மாதிரிதான். போட்டி முடிந்ததும் சரளையில் குனிந்தால் நிமிரமாட்டார், யார் விட்டுப்போனதும் அவர் பைக்குள் வந்துவிடும்.

"எல்வுட் விட்டுட்டுப் போனது," என்றார்.

அவள் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். "அடுத்தவன் தோட்டாவைச் சுடாதேன்னு அவன் சொன்னப்ப எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. கடைசில அவன் கூட்டைத்தான் நீ என் துப்பாக்கிக்குள்ள கொண்டு வச்சிருக்க."

அவர் அன்றே டையை ஆகஸ்டிலிருந்து ஜூலைக்கு, ஜூலையிலிருந்து ஜூனுக்குத் தளர்த்தினார். குண்டை இறக்குவதையும் வாயை மடிப்பதையும் ஒரே இழுப்பில் செய்து வந்தவர், இரண்டையும் தனித்தனி இழுப்பாக்கினார். வாளியிலிருந்த கூடுகளை ஒவ்வொன்றாக அளந்து, ஒரே நீளமுள்ளவற்றை மட்டும் பிரித்தார். மற்றது எல்லாம் காபி டப்பாவுக்குப் போனது. பொறுக்கின மனுஷனுக்கு அது ரத்தக்கண்ணீர்தான்.

"உருளையைக் கழட்டிக் குடு," என்று அடுத்த ஞாயிறு கேட்டார். "ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்துத்தான் பெட்டில வைப்பேன்."

அவள் திருகாணியைக் கழற்றி, உருளையை மட்டும் எடுத்து அவர் கையில் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை.

"ஆறு ஓட்டையும் ஒண்ணுன்னு நெனைக்காத. இந்தா, இது நாலாவது. இது மகா கஞ்சன். பதினெட்டு வருஷமா எனக்குத் தெரியும், எது முட்டினாலும் முதல்ல இங்கதான் முட்டும்."

"இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"நீ கேக்கலியே."

ஆர்லோ அந்த நாலாவது துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டார். வாய் உருண்டையாக மடிந்த தோட்டாவை அதன் மேலே பிடித்துப் பிடியை விட்டால் போதும், தள்ளக்கூடாது, தானாக விழ வேண்டும். டிக்கென்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் அந்தத் தோட்டா வெளியே. நூற்றைம்பது போட்டார், பதினேழை ஒதுக்கினார். மேலே அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சில நேரம் நிற்கும். அவள் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி சனிக்கிழமை காற்றில் அறுவடைத் தூசி மிதந்தது. காலையில் ஐந்து சுற்று. ஐந்திலும் லியோட்டா லோடரை வைக்கும்போது குனிந்து பார்த்தாள். ஆறும் இறங்கின. இருந்தாலும் அடுத்த தடவையும் பார்த்தாள். குனிவதில் அரை நொடி போகும், அது பெரிதில்லை. அவள் கண் தன் தோட்டாவைச் சந்தேகப்படுகிறது என்பதுதான் ஆர்லோவுக்கு முள்ளாகக் குத்தியது. சந்தேகப்பட அவளுக்கு முழு உரிமையும் இருந்தது என்பது இன்னும் ஆழமாகக் குத்தியது.

கடைசிச் சுற்று அதே பீப்பாய். ஆறு இரும்புத் தட்டு, தோட்டா மாற்றம், மறுபடி ஆறு தட்டு. எல்வுட் கருவியை அவள் தோளுக்குப் பின்னால் பிடித்தார். பீப் என்றது. ஆறு தட்டும் வரிசையாகச் சாய்ந்தன. குழல் மேலே, உள்ளங்கைத் தட்டு, கூடுகள் சரளையில். குழல் கீழே சாய்ந்தது, வீங்கிய விரல்கள் லோடரைக் கொண்டுவந்தன.

அவள் குனியவில்லை. கண் அடுத்த தட்டின் மேலேயே இருந்தது. இருட்டில் சொந்த வீட்டுப் படி இறங்குகிறவள் மாதிரி கையை மட்டும் அனுப்பினாள். திருகினாள். ஆறும் ஒரே சத்தமாக விழுந்தன. ஆர்லோவுக்கு அந்தச் சத்தத்துக்குள் நாலாவது துளையின் டிக் தனியாகக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. உருளை மூடியதும் தட்டுகள் சாய்ந்ததும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. சுட்டது அவள்தான், ஆனாலும் அவருக்குக் கண்ணை நீர் மறைத்துவிட்டது.

எல்வுட் கருவியை இரண்டு தரம் பார்த்தார். "மாத்தினது ரெண்டே முக்கால் நொடி," என்றார். மூட்டுவாதம் வருவதற்கு முன்பு இருந்த நேரம் அது.

பிறகு அவர் நேராக ஆர்லோ நின்றிருந்த மேசைக்கு வந்தார். திறந்திருந்த பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு உள்ளங்கையை நீட்டினார்.

"ஆறு குடுடா ஆர்லோ. அடுத்து நான்தான் சுடணும்."

 நாற்பது வருடத்தில் அந்தக் கை இன்னொருவர் தோட்டாவைச் சுடக் கேட்டு நீண்டதை அங்கே எவரும் பார்த்ததில்லை.  ஆர்லோவின் கை பெட்டியை நோக்கிப் போனது.

அதற்கு முன்னே முட்டி வீங்கிய ஒரு கை வந்து பெட்டியை மூடியது.

"அது ஒவ்வொண்ணும் என் துப்பாக்கி நாலாவது ஓட்டைக்குள்ள போய்ட்டு வந்தது," என்றாள் லியோட்டா. "உனக்கு வேணும்னா, எல்வுட், இனிமேலாவது நீயும் ஒருத்தியைப் பாத்துக் கட்டிக்கோ."

கல்யாணமே வேண்டாம் என்று அறுபத்தைந்து வயதுவரை ஓட்டிவிட்ட எல்வுட்தான் முதலில் சிரித்தார். லியோட்டா பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆர்லோ பக்கம் திரும்பினாள்.

"குளிர்காலம் பூரா சும்மா டிவி பாத்துக்கிட்டு உக்காராத. மார்ச்சுக்குள்ள எனக்கு ஆயிரம் வேணும்."

"ஆயிரமா?"

"ஆயிரம். உருளை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல."

ஆர்லோ தலையாட்டிவிட்டு பீப்பாய்க்குப் பின்னால் போய்ச் சரளையில் குனிந்தார். எல்வுட் காலையில் சுட்ட கூடுகளும் அங்கேதான் மின்னிக்கொண்டு கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, அவளுடைய பன்னிரண்டை மட்டும் தேடிப் பொறுக்கினார்.