அனுப்புகிற பொத்தானைக் காணவில்லை

விஜயதசமிக்கு மறுநாள் கடையைத் திறந்து கணினியைப் போட்டால், திரை வீங்கிப்போய்க் கிடந்தது. ஒவ்வொரு எழுத்தும் கத்தரிக்காய்ப் பருமன். வைரஸ் தொல்லை பொறுக்காமல் போன வருடம்தான் லினக்ஸுக்கு மாறினேன். அதுவும் காலை வாரும் என்று நினைக்கவில்லை. முல்லைத்தீவில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் சிவதர்சினிக்குத் தெரியாத கணினி வேலை இல்லை என்று எனக்கு ஊரில் ஒரு பெயர். இன்றைக்கு மானம் கப்பலேறப் போகிறது என்ற எரிச்சலில் இருந்தபோதுதான் நஸ்மியா வந்தாள்.

தண்ணீரூற்று ஊர்க்காரி. ஆசிரியர் நியமனத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இன்று நான்கு மணியோடு முடிகிறது. வயதெல்லை முப்பத்தைந்து, அடுத்த மாதம் அவள் அதைத் தாண்டிவிடுவாள். இதை விட்டால் இனி இல்லை.

"கடைசி நாளில வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது பிள்ளை?" என்று பாய்ந்தேன். அவள் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஒருவழியாகப் படிவத்தை நிரப்பினோம். முடிவில் ஒரு பெட்டி வந்தது. அதன் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விட்டது. 'அனுப்பு', 'அழி' என்ற இரண்டு பொத்தான்களும் அங்கேதான். உருட்டினேன், எழுத்தைச் சிறிதாக்கினேன், பெட்டி அசையவில்லை.

"குருட்டுவாக்கில அமத்திப் பாப்பமோ?"

"வேண்டாம் அக்கா. அழிஞ்சு போச்செண்டால்?"

மூன்று மணி. திரையின் அளவை மாற்றப்போனால் பட்டியலில் ஒரே ஓர் அளவுதான் இருந்தது. டெர்மினலைத் திறந்து சரியான அளவைக் கட்டளையாக எழுதினேன். இரண்டு தரம் திரை கறுத்து, பழையபடி வீங்கி வந்தது. மொனிற்றரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாத திரை' என்று போட்டிருந்தது. நாலு வருடமாகக் குடும்பம் நடத்துகிற மொனிற்றரைத் தெரியாதாம்! லினக்ஸைத் திட்டினேன், மொனிற்றர் விற்றவனைத் திட்டினேன், நஸ்மியாவையும் இன்னொரு சுற்றுத் திட்டினேன்.

"ரண்டு நாளைக்கு முன்னம் வந்திருக்கலாமெல்லே?"

பிறகுதான் மூளை வேலை செய்தது. மொனிற்றர் தன் அளவை வயர் வழியாகத்தான் கணினிக்குச் சொல்லும். வயரைக் கழற்றினேன். நஸ்மியா குனிந்து அதன் முனையைப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்குள்ள என்ன மஞ்சளா அடைஞ்சு கிடக்கு?"

சந்தனம். சரஸ்வதி பூசைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, ஒன்றையும் விடக்கூடாதென்று வயர் முனைக்குக்கூடப் பொட்டு வைத்த பக்தை வேறு யாருமில்லை, நான்தான். அது ஊசிகளுக்கிடையில் இறங்கிக் காய்ந்திருந்தது.

பழைய பிரஷ் ஒன்றால் தேய்த்தெடுத்துச் செருகினேன். திரை ஒருமுறை இருண்டு, அகலமாக விரிந்தது. பெட்டி முழுசாகத் தெரிந்தது.

"நீரே அமத்தும் பிள்ளை."

அழுத்தினாள். விண்ணப்ப இலக்கம் வந்தது. நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் எனக்கு அவ்வளவு சந்தோசம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"இனிமேலாவது கடைசி நாள் வரைக்கும் வைச்சிருக்காதையும்."

அச்சடித்துக் கொடுத்த தாளை அவள் கவனமாக மடித்தாள்.

"நேற்றும் முந்தநாளும் வந்தனான் அக்கா. பூசையெண்டு கடை பூட்டிக்கிடந்தது," என்றாள். குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. "வேற கடைக்குப் போகச் சொல்லி வீட்டுக்காரர் சொன்னவர்தான். நீங்களெண்டால் பிழையில்லாமல் செய்வீங்களெண்டு நான்தான் காத்திருந்தனான்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.