ஐந்தாம் முயற்சி

ஐஸ் பெட்டியை ஹாலில் இறக்கிவிட்டு, அதன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடினார் கருணாகரன். "பிளக்கு எங்கம்மா கீது?"

மந்தைவெளியில் அந்த வீட்டைக் கட்டியவன் ஹாலுக்கு மூன்று முனை பிளக் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தான். அதில் கஸ்தூரிரங்கனின் கம்ப்யூட்டர் செருகியிருந்தது. கஸ்தூரிரங்கன் அதற்கு நாலடி தள்ளி, தெற்கே தலைவைத்து, தரையில் கிடந்தார். விடிகாலையில் அந்தக் கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை அதட்டிய பிறகுதான் மனைவி சுப்புலக்ஷ்மிக்குத் தெரிந்தது.

கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திரையின் அடியில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வரும். மற்ற வரிகள் எல்லாம் மேலே ஏறும்.

மகன் கிரீஷ் சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

"அதைத் தொடாதே."

அதுவரை வாயைத் திறக்காத சுப்புலக்ஷ்மிதான் சொன்னாள். கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா பண்றே நீ? மது டெல்லியிலேர்ந்து வர நாலு மணியாகும். அதுவரைக்கும் அப்பாவை..."

"கிச்சன்ல கிரைண்டர் பிளக் சும்மாதானே இருக்கு. இன்னிக்கு யார் அரைக்கப் போறா? அங்கேர்ந்து ஒயரை இழுக்கச் சொல்லு."

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை அவள் எத்தனை திட்டியிருக்கிறாள் என்பது கிரீஷுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். அதனால் அவன் அம்மாவை ஒருமாதிரியாகப் பார்த்தான். சாவு வீட்டில் அம்மாவோடு சண்டை போட முடியாது என்று கருணாகரனைச் சமையலறைக்கு அழைத்துப் போனான்.

பழைய 386 மாடல் கம்ப்யூட்டர். கிரீஷ் தன் ஆபீசில் கழித்துக்கட்டியதை வாங்கிக் கொடுத்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், ரயில்வேயில் கூட வேலை பார்த்து ஒன்றாக ரிடையரான பீர் முஹம்மது ஒரு சிடியைக் கொண்டுவந்தார். லினக்ஸ் என்று கம்ப்யூட்டரை ஓட்டுகிற வேறொரு புரோகிராமாம். இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு அதைப் போட்டார்கள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அன்றிலிருந்து படமும் போச்சு, விளையாட்டும் போச்சு. கறுப்புத் திரையில் எழுத்துதான். இது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம் என்று கஸ்தூரிரங்கன் பெருமையாகச் சொன்னார். அப்படியானால் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவள் கேட்டாள். ராத்திரி பகலாக இரண்டு கிழங்களும் போனில் ஆளுக்கொரு வரி படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னே டொய்ங் டொய்ங் என்று சத்தமாவது வரும், இப்போது வெறும் ஊமைப் பெட்டி என்று ஒருநாள் அவள் சொன்னாள்.

அதன்பிறகுதான் இந்தப் புதுப் பைத்தியம். அந்த லினக்ஸைத் தன் பெட்டிக்கேற்ற மாதிரி மறுபடி கட்டுகிறாராம்; அதற்குப் பெட்டி முந்நூறு கேள்வி கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று தட்ட வேண்டும். தட்டி முடித்தால் அதுவே ஒரு நாள் முழுக்க ஓடும். நடுவில் நின்றால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

நேற்று அவர் காய் வாங்கப் போயிருந்த நேரம். மேஜையடியில் ஒரு மாதத் தூசி. ஒயரைத் தள்ளிப் பெருக்கினாள், துடைத்தாள், எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. சுவிட்சை அணைத்தாள். தெரிந்தேதான் அணைத்தாள். திரும்பி வந்தவரிடம், கரண்ட் போய்விட்டு வந்தது என்றாள். "அப்படியா" என்றார். பையை வைத்துவிட்டு உட்கார்ந்து, ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை முந்நூறு கேள்விக்கும் பதில் தட்டினார். "நாளைக்குச் சாயங்காலம் முடிஞ்சுடும்" என்று, அவள் முகத்தைப் பார்க்காமல், ரசத்தைப் பார்த்துச் சொன்னார். "கரண்ட் மட்டும் போகாம இருக்கணும்."

அதைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

மத்தியானம் பீர் முஹம்மது வந்தார். மாலையைப் போட்டுவிட்டு நின்றவர், திரையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இது எப்போ முடியும்?" என்று கேட்டாள் சுப்புலக்ஷ்மி.

"எனக்கும் சரியாத் தெரியாது சிஸ்டர். நானும் புதுசுதான். எந்திரத்தப் பொறுத்தது. ராத்திரி எட்டாகலாம்."

"முடிஞ்சா என்ன ஆகும்?"

அவர் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "சத்தம் வரும். அந்த சவுண்டு கார்டுக்காகத்தான் இத்தனையும். நீங்க ஊமைப் பெட்டின்னு சொல்லிட்டீங்களாமே."

அவளுக்குக் கோபம் வந்தது. இதை வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? நாற்பது வருஷமாக இதே கதைதான். செத்துப்போனவர் மேல் கோபப்படலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்கு அடியில் அவர் ஒன்றும் நடக்காத மாதிரி படுத்திருந்தார்.

மகள் மதுவந்தி நாலரைக்கு வந்து அழுதாள். ஐந்தரைக்கு எடுத்துவிட்டார்கள். பீர் முஹம்மது உள்பட ஆண்கள் எல்லாரும் கூடவே போனார்கள். தெருமுனைவரை போய்த் திரும்பிய பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். குளிக்க வா என்று யாரோ கூப்பிட்டார்கள். சுப்புலக்ஷ்மி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் மேஜைக்குப் போனாள்.

கீபோர்டுக்குப் பக்கத்தில் அவருடைய நோட்டு கிடந்தது. ஆபீஸ் பழக்கம், கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். முயற்சி, ஆரம்பம், நின்ற நேரம், காரணம். அவள் அதுவரை அதைத் திறந்ததில்லை.

முதல் முயற்சி: 'கேள்வி 41-க்குத் தவறான பதில். என் பிழை.' இரண்டு: 'டிஸ்கில் இடம் இல்லை. பழைய கோப்புகளை அழித்தேன்.' மூன்று: 'கரண்ட் கட். மந்தைவெளி முழுக்க, இரண்டு மணி நேரம்.'

நான்கு, நேற்றைய தேதி, 14-8-97. அதே நிதானமான கையெழுத்து.

'கரண்ட் கட். நம்மாத்தில் மட்டும்.'

அவள் அதை மறுபடி படித்தாள். அதற்குக் கீழே ஐந்து என்று போட்டு, ஆரம்பித்த நேரத்தை எழுதியிருந்தார். மற்ற இரண்டு கட்டமும் காலியாக இருந்தன.

திரையின் அடியில் இன்னொரு வரி வந்தது.

மதுவந்தி வாசல் பக்கத்திலிருந்து வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் ஹாலில் பரவி, காலையில் அவரைக் கிடத்தியிருந்த இடத்தைத் தாண்டி, மேஜையை நோக்கி வந்தது.

"அம்மா, தண்ணி வரது பாரு. அந்த ஒயரைப் பிடுங்கிடு."

சுப்புலக்ஷ்மி நோட்டை மூடி மேஜைமேல் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். தரையில் கிடந்த ஒயரை இரண்டு கையாலும் எடுத்து, முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அவள் காலடியில் ஓடியது.

"நீ ஊத்து" என்றாள்.