கை தூக்கியவர்கள்

மனைவி ஷூலா "யோசிக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் சண்முகவேல் பேசாமல் இருந்திருப்பான். அவளோ "வட்டத்துல கேக்கணும்" என்றாள். கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி வேலை கிடைத்திருக்கிறது, ஊருக்கே போய்விடலாமா என்று மாண்ட்ரியல் நகரத்து ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய்க் கடை முன்னால் நின்று அவன் கேட்டதற்கு வந்த பதில் அது. அவளுடைய தமிழ் அவனிடம் கற்ற தமிழ்தான். அவன் அவளை நீ என்பான், அவளும் பதிலுக்கு நீ என்பாள்.

வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாண்ட்ரியலின் யூதப் பிள்ளைகளுக்கென்று ஓர் இளைஞர் இயக்கம் இருந்தது. சிறுமியாக ஷூலா அதில் சேர்ந்தாள். நீலச் சட்டை, கோடை முகாம், எதுவும் தனியொருவருக்குச் சொந்தமில்லை என்ற கொள்கை. வளர்ந்ததும் இஸ்ரேலுக்குப் போய்ப் பாலைவனக் கூட்டுப் பண்ணையில் மண் வெட்டுவோம் என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அப்புறம் காலேஜ் வந்தது, கல்யாணம் வந்தது, அம்மாக்கள் அழுதார்கள். ஷூலாவின் குழுவில் ஒருவரும் போகவில்லை. போன வருஷம் அங்கே போர் மூண்டபோது ரேடியோவின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பண்ணைதான் இல்லையே தவிர பழக்கம் போகவில்லை. மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடுவார்கள். சோபா சும்மா கிடக்கும். பல் டாக்டரும் வக்கீலும் கால் மரத்துப்போகத் தரையில் வட்டமாக உட்காருவார்கள். யாருக்குப் பெரிய விஷயம் என்றாலும் நடுவில் வைக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பேசிவிட்டுக் கை தூக்குவார்கள். முடிவு எப்படி வந்தாலும் கட்டுப்பட வேண்டும். வீடு வாங்குவதற்கே கை தூக்கியவர்கள் இவர்கள். படித்தவர்களுக்கு இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா என்று சண்முகவேல் முன்பெல்லாம் சிரித்திருக்கிறான்.

அந்த ஞாயிறு மதியம் வில்லரே பகுதியில் ஷூலா-சண்முகவேல் வீட்டிலேயே வட்டம் கூடியது. கணவன் என்பதால் அவனும் பேசலாம், கை மட்டும் தூக்கக் கூடாது என்றார்கள். கல்லூரியைப் பற்றி என்னவோ சொன்னான். அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போல் இருந்தது. பிறகு பல் டாக்டர் பேசினார். போவோம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் நின்றவர்கள் நாம், நம்மில் ஒருத்தியாவது எங்கேயாவது போகட்டும் என்றார். ஷூலாவின் சிநேகிதி ரிவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயம்புத்தூரை அவர்கள் எந்தப் பாலைவனம் என்று நினைத்தார்களோ, எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாட்டுப் பாடினார்கள், கட்டிப்பிடித்தார்கள், கோட்டுகளை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போனார்கள்.

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று சண்முகவேல் காத்திருந்தான், வரவில்லை. ஷூலா காப்பிக் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

"உனக்கு வரணும்னு இருக்கா?" என்று கேட்டான்.

"அதான் முடிவாயிடுச்சே."

"உனக்கு இருக்கான்னு கேட்டேன்."

அவள் கோப்பையைத் துடைத்து வைத்தாள். கேட்டது புரியாதவள் போல நின்றாள்.

"நம்ம கல்யாணமும் இப்படித்தானா?" என்றான்.

"ஆமா. ரிவா மட்டும் கை தூக்கல. ஆனா அப்புறம் ஒத்துக்கிட்டா."

"நீ?"

"யாரோட விஷயமோ அவங்க தூக்கக் கூடாது. அதான் வழக்கம்."

அதைச் சாதாரணமாகச் சொன்னாள், மறைக்க அதில் என்ன இருக்கிறது என்பது போல. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"இப்ப நாம ரெண்டு பேர்தான் இருக்கோம் ஷூலா. வரணும்னு இருந்தா கை தூக்கு. வேண்டாம்னா தூக்காதே. எதுவானாலும் சரி."

ஈரக் கையோடு அவள் வாசல் பக்கம் திரும்பினாள், முதலில் யாராவது தூக்கட்டும் என்று பார்ப்பவள் போல. அங்கே யாரும் இல்லை.