கீழே கோடில்லாத இரண்டு பெயர்கள்

துபாய் ஜுமைராவில் நான் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு ஐரோப்பாவில் ஓர் அரண்மனை இருந்ததாம். இப்போது மிச்சம் இருப்பது வாதம் வந்த இடது கையும், ஹால் சுவர் நிறைய ஒரு வம்சப் படமும்தான். எந்தப் பிரபு எந்தச் சிற்றரசன் மகளைக் கட்டினான் என்று தினமும் எனக்குப் பாடம் நடக்கும். நான் ஹோம் நர்ஸ், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"நிலம் வெளியே போகக் கூடாது என்று அப்பா தன் மாமா மகளையே கட்டினார். தாத்தாவும் அப்படியே" என்றாள் ஒருநாள். எங்கள் குமரிக் கடற்கரையிலும் இதே கதைதான், நிலம்தான் கிடையாது. பெயர்களுக்கு நடுவே குட்டிக் குட்டிச் சிலுவைகள் இருந்தன. குழந்தையிலேயே செத்தவர்களாம்.

என் தம்பி சுபின் நாலு வயதில் செத்தான். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அவர்களைப் பெற்றவர்களும் அப்படியே. அவன் ஏன் செத்தான் என்பது நர்ஸிங் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால்தான் மாமா மகன் ஜெரிஷ் பெண் கேட்டபோது நான் சரி சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொந்தத்தில் கட்ட பிஷப்பிடம் அனுமதி வாங்கிவிடலாம் என்கிறார் மாமா. என் பயத்துக்கு பிஷப் என்ன செய்வார்? முறைக்காரி நான் வாய்திறக்காமல் அவனுக்கு வேறு பெண் பார்ப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. நான் பேசாமல் இருக்கும்வரை அவன் எனக்குத்தான். அந்த நினைப்பில்தான் இங்கே என் நாட்கள் ஓடின.

நேற்று மதியம் படத்தைத் துடைத்தபோது, அடியில் அருகருகே இரண்டு பெயர்களைப் பார்த்தேன். இரண்டுக்கும் கீழே பிள்ளைகளுக்கு இறங்கும் கோடு இல்லை. ஒன்று கிழவியின் பெயர்.

"இன்னொன்று யார் மேடம்?"

"என் அத்தை மகன். என்னைக் கேட்டான். இந்த ரத்தத்தில் இன்னொரு குழந்தையைப் பெற்றுப் புதைக்க எனக்குத் தைரியமில்லை. இல்லை என்று சொல்லவும் மனசில்லை. சொன்னால் போய்விடுவானே."

"அப்புறம்?"

"நல்லவன். காத்துக்கொண்டே இருந்துவிட்டான். போன வருடம் செத்துப்போனான்." அவன் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைத் தடவினாள். "இங்கேயாவது ஒரு கோடு இறங்கியிருக்கும். நான்தான் விடவில்லை."

மருந்து கொடுத்ததும் தூங்கிப்போனாள். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எம்மா, மாமாட்ட சொல்லிரு. ஜெரிஷுக்கு வேற பொண்ணு பாக்கட்டும். எனக்குச் சம்மதம்."

"நல்லா யோசிச்சியா மக்ளே?"

"ரெண்டு வருசமா அதத்தானே யோசிக்கேன்."

"அவன் இங்கதான் நிக்கான். கேஸ் சிலிண்டர் மாத்திக் குடுக்க வந்தான். போனக் குடுக்கட்டா?"

அங்கே அடுப்படியில் சிலிண்டரை உருட்டும் சத்தம் போனில் எனக்கே கேட்டது.

"வேண்டாம்மா. டூட்டில இருக்கேன்."

கிழவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழும்வரை எனக்கு ஒரு வேலையும் இல்லை.