சுண்டுவின் பதினெட்டாம் வயதுக்கு

சுண்டு,

பதினெட்டு வயதில் நீ இதைப் பிரிப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்போது உனக்கு ஆறு.

நேற்று டாக்டரம்மாவின் அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் அவர். எதிரே உன் அம்மா, மடியில் உன் ஸ்வெட்டர். ஜன்னலோரம் உன் அப்பா. நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. கதவருகே ஸ்டூலில், உன் பெரியப்பா நான். திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் நீ. தூங்குகிறாய் என்று நினைத்திருந்தோம்.

உன் ரத்தத்தில் வந்த புற்று திரும்பிவிட்டது. இந்த முறை கொடுக்கும் மருந்து கடுமையானது. விந்தை உண்டாக்கும் செல்களையும் சேர்த்து அழித்துவிடலாம். பிறக்கும்போது அவை விரைக்குள் நுண்ணிய குழாய்களின் நடுவே இருக்குமாம். சில மாதங்களில் ஓரத்துக்கு நகர்ந்து, சுவரை ஒட்டி உட்கார்ந்து, வயசுக்கு வரும்வரை காத்துக்கிடக்குமாம். பெரியவர்கள் என்றால் விந்தையே உறையவைக்கலாம். உன்னிடம் அது இன்னும் இல்லை. எனவே சுவரோடு சேர்த்து அரிசியளவு சதை எடுத்து உறையவைக்க வேண்டும், விதை எடுத்து வைப்பதுபோல என்றார் டாக்டரம்மா.

"அதுல பின்னாடி குழந்தை பிறக்குமா?" என்றாள் உன் அம்மா.

"குரங்குல பிறந்திருக்கும்மா. மனுஷங்களுக்கு இப்ப உறுதி சொல்ல முடியாது."

உன் அப்பா திரும்பினான். "குத்தாத இடம் பாக்கி இல்ல. இதுல கத்தி வேறயா?"

"மருந்து ஏத்தக் கழுத்துல குழாய் வைக்க எப்படியும் மயக்கம் குடுப்போம். அதுலயே முடிச்சிடலாம்."

"வேணாம்."

"நாளைக்கு அவன் ஏன் செய்யலன்னு கேட்டா?" என்றாள் அம்மா.

"கேக்கறதுக்கு அவன் இருக்கணுமே!"

அப்போதுதான் திரைக்குள்ளிருந்து உன் குரல் வந்தது.

"என்கிட்டேந்து விதை எடுக்கப் போறீங்களா? நான் என்ன தர்பூசணியா?"

உன் அப்பா சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ எதுவரை கேட்டாய் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் துணிவில்லை. அவன் வந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் மிஞ்சியது: பிள்ளை இறந்துவிட்டால் சதையை என்ன செய்ய? உன் அப்பா பேனாவை மூடிவிட்டான்.

"நீங்களே எழுதிடுங்க மாமா. என்னால ஆகாது," என்றாள் உன் அம்மா.

'அழித்துவிடவும்' என்று எழுதினேன். அது என் கையெழுத்து, மற்றவர்மேல் வருத்தப்படாதே. நீ இதைப் படிக்கிறாய் என்றால் அந்தச் சொல்லுக்கு வேலையில்லாமல் போயிற்று.

இன்று காலை சதையை எடுத்துவிட்டார்கள். நீ இன்னும் கண் விழிக்கவில்லை. பாதுகாத்து வைக்கும் இடத்தில் ஒவ்வொரு துண்டோடும் பிள்ளைக்கு ஒரு கடிதம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான். புகை கக்கும் குளிர்ப்பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்துவிட்டார். "சார், முடிஞ்சுதா?" என்கிறார்.

உறையை ஒட்டுகிறேன். கொடுத்துவிடுகிறேன்.