பஞ்சு வைத்த சட்டை

அண்ணனின் நீலச் சட்டையை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மார்புப் பக்கத் தையலை பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. நாலு மணிக்கு எடுக்கிறார்கள். மணி ஒன்பதேகால்தான் ஆகிறது. ஆனாலும் தன் கையால் போட்ட தையலைத் தானே பிரிப்பது அவ்வளவு லேசில்லை. அவள் தையல் அப்படி, லேசில் விட்டுக்கொடுக்காது.

முன்னறையில் அண்ணன் படுத்திருந்தான். கட்டில் போதவில்லை. காலடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு நீட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான். ஆறடி நாலு அங்குலம். நூலகத்தில் வேலை. மேல்தட்டுப் புத்தகத்துக்கு மற்றவர்கள் ஏணியைத் தேடி ஓட, இவன் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி எடுத்துக் கொடுப்பான். அதனால் பெயரே ஏணி. மகளும் மளமளவென்று வளர ஆரம்பித்ததும் அவள் சின்ன ஏணி ஆனாள். பதினாறு வயது. பள்ளிக்கூட பாஸ்கெட்பால் அணியில் அவளை விட்டால் ஆளில்லை. நாளை மறுநாள் இறுதி ஆட்டம்.

நேற்று மத்தியானம் அந்த மேல்தட்டுக்குக் கை நீட்டியபடியே, "முதுகுல யாரோ துணி கிழிக்கிற மாதிரி இருக்கு" என்றானாம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து நாலு வயது. சாகிற வயசா அது?

ஆஸ்பத்திரியில் சின்ன வயது லேடி டாக்டர் ஒருத்திதான் வெளியே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு உடனே போய்விடவில்லை, நின்றாள்.

"இது பிறவியிலேயே வந்த கோளாறு. மார்ஃபான்னு பேரு, அபூர்வமானது. உடம்பைக் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கிற திசு பலமில்லாம இருக்கும். கை, கால், விரல் எல்லாம் நீளும். கண்ணுல லென்ஸ் நகரும். நெஞ்செலும்பு உள்ள குழியும். இதயத்துலேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு ஒருநாள் கிழிஞ்சுடும். இவருக்கு நெஞ்சு இவ்வளவு குழிஞ்சிருக்கே, இத்தனை வருஷத்துல எந்த டாக்டரும் கேக்கலையா?"

தையல்காரி இல்லையென்று தலையசைத்தாள்.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"கட்டைவிரலை உள்ள வச்சுக் கையை மூடினா, விரல் அந்தப் பக்கமா வெளிய எட்டிப் பாக்குமா அந்தப் பொண்ணுக்கு?"

அது அவர்கள் வீட்டு வித்தையாயிற்றே! விருந்தாளி யார் வந்தாலும் அப்பனும் மகளும் கையை மூடி, விரலை எட்டிப் பார்க்க வைத்து, அதைப் பேச வைத்து, வீட்டையே சிரிப்பில் புரட்டிவிடுவார்கள். முதல் ஆளாகக் கைதட்டுவது இவள்தான்.

வீட்டில் அளந்து பார்க்க வேண்டிய அடையாளங்களையும் ஒரு போன் நம்பரையும் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பெரிய இதய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறதாம். "பொண்ணுக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் ஓட விடாதீங்க, குதிக்க விடாதீங்க."

மடியிலிருந்த சட்டையில் தையல் விட்டது. உள்துணிக்குள்ளிருந்து பஞ்சு வெளியே வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு, அழகாக ஓரம் சரித்து வெட்டியது.

அண்ணனுக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்கள், "இந்தக் குழியில தண்ணி ஊத்தினா நிக்குமாடா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் யார் முன்னாலும் சட்டையைக் கழற்றவில்லை. பத்து வயதுத் தங்கைக்குப் பொறுக்கவில்லை. தலையணையிலிருந்து பஞ்சைப் பிடுங்கி அவன் சட்டைக்குள் வைத்துத் தைத்தாள். அவள் தைத்த முதல் தையலே அதுதான். அதன் பிறகு அவன் போட்ட ஒவ்வொரு சட்டையிலும் பஞ்சு இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது பரிசோதித்த டாக்டர் சட்டைக்கு மேலேயே குழாயை வைத்துவிட்டு, "நல்ல உடம்பு" என்று கையெழுத்துப் போட்டார். அண்ணனும் தங்கையும் அன்றைக்கு எப்படிச் சிரித்தார்கள்!

போன வருஷம் சின்ன ஏணியின் ஜெர்சிக்கும் வைத்தாள். அந்தப் பெண் கேட்கக்கூட இல்லை. இவளே பார்த்து, இவளே வைத்தாள்.

"இப்போ எதுக்கு நல்ல சட்டையைப் பிரிச்சுக்கிட்டு இருக்கே?" என்றார் நாற்காலியில் இருந்த பெரியப்பா.

அவள் விஷயத்தைச் சொன்னாள். பெரியப்பா கையை உதறினார்.

"நம்ம வம்சமே உசரம்தான். உங்கப்பன் என்ன குள்ளமா? அவனும் நாப்பத்தெட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போனான். அதுக்கெல்லாம் நோய்னு பேரு வைப்பாங்களா?"

சாட்சியும் அவரே சொல்கிறார், வழக்கும் அவரே தள்ளுபடி செய்கிறார்! அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை. தையல்காரி எழுந்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணியிடம் போனாள்.

"அண்ணி, பிள்ளையை நாளைக்கே அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அவரு இன்னும் வீட்டை விட்டே போகல," என்றாள் அண்ணி. கண் சிவந்திருந்தது. "அதுக்குள்ள என் பொண்ணுக்கும் நாள் குறிக்கிறியா? எந்திரிச்சுப் போ."

தையல்காரி போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, பஞ்சை அண்ணியின் மடியில் வைத்தாள்.

"மறைச்சது நான்தான் அண்ணி. அவன் நெஞ்சுல இருந்த குழி ஒரு டாக்டர் கண்ணுலயும் படாம தைச்சேன். கைராசின்னு பெருமைப்பட்டுக்கிட்டேன். பிள்ளைக்கும் தைச்சேன். அழுறதுக்கு எனக்கு வாழ்நாள் பூரா இருக்கு, இன்னிக்கு முடியாது. நீங்க என்னைத் திட்டுங்க, அடிங்க, சும்மா மட்டும் இருக்காதீங்க."

அண்ணி பஞ்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தக் குழி எனக்கு மட்டும் தெரியாதா?" என்றாள். "பதினெட்டு வருஷமா என் தலையை அங்கதானே வச்சுப் படுத்தேன். எனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்குன்னு சொல்வேன்."

பிறகு அண்ணி எழுந்தாள். உள்ளறைக்குப் போய், மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

"அள."

சுவரோடு சுவராக நிற்க வைத்துத் தையல்காரி கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். டேப் அறுபது அங்குலம்தான். அறுபதில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மிச்சத்தைத் தனியாக அளந்தாள். உயரம் அறுபத்து ஒன்பதரை. "இப்போ ரெண்டு கையையும் அகலமா விரிடி." ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு எழுபத்து நாலு. சாதாரணமாக இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். இருபத்தைந்து வருஷமாக ஊரை அளக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். இவர்களுக்கு மட்டும் கை நீளம் என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, சட்டைக் கையையும் அதற்குத் தக்க வெட்டினாளே தவிர, ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"அத்தை, நான் மேட்ச் விளையாடணும்," என்றது பெண். "வந்து பாக்குறேன்னு அப்பா சொல்லியிருந்தாரு."

"முதல்ல போன் பண்றேன்."

போனில் பேசிய பெண் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிதான் இடம் இருக்கிறது என்றாள்.

"அதெல்லாம் தாங்காதும்மா," என்றாள் தையல்காரி. "அவ அப்பா, எங்க அண்ணன், நேத்துதான் ரத்தக்குழாய் கிழிஞ்சு போனாரு, முன்னறையில இருக்காரு. எழுதிக்கோங்க. உசரம் அறுபத்து ஒன்பதரை அங்குலம், கை விரிச்சா எழுபத்து நாலு. கட்டைவிரல் வெளிய எட்டிப் பாக்குது. மணிக்கட்டைச் சுத்திப் பிடிச்சா சுண்டுவிரல் மேல கட்டைவிரல் ஏறுது. நெஞ்சுல முக்கால் அங்குலம் குழி. தாத்தா நாப்பத்தெட்டுல போனாரு."

அந்தப் பக்கம் எழுதும் சத்தம் கேட்டது.

"அளந்தது எந்த டாக்டர்?"

"டாக்டர் இல்ல, டெய்லர். கால் அங்குலம் தப்பாது. வேணும்னா நீங்களே அளந்து பாருங்க."

"கொஞ்சம் இருங்க." யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். "நாளைக்குக் காலையில ஒன்பது மணி. அம்மாவும் வரட்டும். அவர் தங்கச்சின்னா நீங்களும் ஸ்கேனுக்குத் தயாரா வாங்க."

மூன்றரை மணிக்கு அண்ணனுக்கு நீலச் சட்டையைப் போட்டார்கள். கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. நெஞ்சில் துணி குழிக்குள் இறங்கிக் கிடந்தது. அண்ணி குனிந்து, கொஞ்ச நேரம் தலையை அங்கே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் சின்ன ஏணியைச் சுவரோரம் நிறுத்திக் கையை விரிக்கச் சொன்னாள். அளந்துவிட்டு, போனில் எழுதிய தாளைப் பார்த்தாள், பிறகு தையல்காரியைப் பார்த்தாள். "அப்படியே இருக்கே!"

"இருக்கும்," என்றாள் தையல்காரி.

ஸ்கேன் முடிந்து பெரிய டாக்டர் அம்மா வர பத்தரை ஆயிற்று. தையல்காரிக்கு ஒன்றுமில்லை.

"பொண்ணுக்கு ரத்தக்குழாய் விரிஞ்சிருக்கு," என்றார். "ஆனா கிழியற அளவுக்கு இன்னும் ரொம்ப தூரம். இந்தத் தடவை நாம முந்திக்கிட்டோம். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கிறோம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாப்போம். அளவு தாண்டப் போகுதுன்னா, கிழியறதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணி அந்தக் குழாயை மாத்தி வச்சுடுவோம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கிழவி ஆகலாம்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் அழுத அழுகை வேறு, இது வேறு.

"மேட்ச்?" என்றது பெண்.

"அது மட்டும் கூடாதும்மா. நடக்கலாம், மெதுவா நீந்தலாம்."

வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். சின்ன ஏணி பையிலிருந்து ஜெர்சியை எடுத்தாள். டாக்டர் விட்டால் அப்படியே பயிற்சிக்குப் போகலாம் என்று கொண்டுவந்திருப்பாள் போல. மடியில் வைத்து, முதுகிலிருந்த எண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அத்தையிடம் நீட்டினாள்.

"எனக்குப் பதிலா ஆடுறவளுக்கு இதைக் கொடுத்துடணும். அவளுக்கு நெஞ்சு நேராத்தான் இருக்கும். பஞ்சை எடுத்துடு அத்தை."

தையல்காரி கைப்பையிலிருந்து பிளேடை எடுத்தாள். வெளிச்சத்துக்காகச் சன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, துணி கிழியாமல், முதல் தையலைத் தேடினாள்.